டீகோடரில் எல்இடி ஹெட்லைட் இணைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாடல் ரயில் எஞ்சினுக்குள் டிசிசி டீகோடர் (தண்டவாளம் வழியாக வரும் டிஜிட்டல் கட்டளைகளைப் படித்து மோட்டாரையும் விளக்குகளையும் இயக்கும் சின்னப் பலகை) பொருத்துகிறவர்கள் பலர் மோட்டாரை ஒருவழியாக ஓட்டிவிடுகிறார்கள், ஹெட்லைட்டில் வந்து நின்றுவிடுகிறார்கள். எல்இடி ஒரு நொடி பளிச்சென்று எரிந்து செத்துப்போகும். அல்லது எரியவே எரியாது. அல்லது வேகத்தைக் கூட்டும்போதெல்லாம் கண் சிமிட்டும். இவை எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது, தீர்வும் பெரும்பாலும் ஒரு சின்ன ரெசிஸ்டரின் (மின்தடையின்) விலைதான். கீழே உள்ள கணக்குகள் எச்ஓ எஞ்சின்களுக்கு, அதாவது 1:87 அளவுக்கு. 1:160 அளவில் எங்கே மாறுகிறதோ அங்கே சொல்லியிருக்கிறேன்.

பழைய பல்பு நன்றாகத்தானே எரிகிறது, ஏன் மாற்ற வேண்டும்?

சூடுதான் முதல் காரணம். எஞ்சினுக்குள் இருக்கும் சின்ன 12 வோல்ட் பல்பு சுமார் 30 முதல் 80 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். அதில் பெரும்பகுதி வெளிச்சமாகாமல் சூடாகப் போகிறது. சாதாரண டிசி ஓட்டத்தில் எஞ்சின் மெதுவாகப் போகும்போது பல்புக்குக் கிடைக்கும் வோல்ட்டேஜும் குறைவு, அதனால் பிழைத்துக்கொள்ளும். டிசிசியில் எஞ்சின் நின்றாலும் ஓடினாலும் தண்டவாளத்தில் எப்போதும் முழு வோல்ட்டேஜ் இருக்கும். பல்பு மணிக்கணக்காக முழுச் சூட்டில் எரிந்தால் அதை ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் மேல்கூடு இளகி வளைந்துவிடும். எல்இடிக்கு 5 மில்லிஆம்பியர் போதும், சூடே தெரியாது, மாற்ற வேண்டிய தேவையும் அநேகமாக வராது.

எந்த நிறக் கம்பி எதற்கு?

டிசிசியின் அடிப்படை ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கியது. அமெரிக்காவின் மாடல் ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ அதை 1990களில் பொதுத் தரமாக ஏற்றது. கம்பி நிறங்களும் அந்தத் தரத்திலேயே உண்டு என்பதால் எந்த நிறுவனத்தின் டீகோடர் வாங்கினாலும் பொதுவாக இதே நிறங்கள்தான்.

சிவப்பு வலது தண்டவாளத்துக்கு, கறுப்பு இடது தண்டவாளத்துக்கு. ஆரஞ்சும் சாம்பலும் மோட்டாருக்கு. வெள்ளை முன் விளக்கு, மஞ்சள் பின் விளக்கு, பச்சையும் ஊதாவும் கூடுதல் விளக்குகள். நீலம் எல்லா விளக்குகளுக்கும் பொதுவான கம்பி.

நீலக் கம்பி நெகட்டிவ்தானே? பொதுக் கம்பி என்றால் அப்படித்தானே இருக்கும்?

இல்லை, நீலம் பாசிட்டிவ். ‘பொது’ என்றதும் எர்த் அல்லது நெகட்டிவ் என்று நினைப்பது இயல்பு, ஆனால் இங்கே அது தலைகீழ். டீகோடர் தண்டவாளத்திலிருந்து வரும் மின்சாரத்தை டிசியாக மாற்றி, பாசிட்டிவை நீலக் கம்பியில் எப்போதும் வைத்திருக்கும். வெள்ளை, மஞ்சள் கம்பிகளின் உள்முனையில் ஒரு டிரான்சிஸ்டர் இருக்கிறது. விளக்கைப் போட்டால் அந்த டிரான்சிஸ்டர் திறந்து கம்பியை நெகட்டிவோடு சேர்க்கும், அணைத்தால் விட்டுவிடும். பல்புக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை, எந்தப் பக்கம் மாட்டினாலும் எரியும். எல்இடி ஒரு திசையில்தான் எரியும். நீளமான கால் பாசிட்டிவ், அது நீலத்துக்கு. குட்டைக் கால் நெகட்டிவ், அது வெள்ளைக்கு. கால்களை வெட்டிவிட்டீர்கள் என்றால் எல்இடியின் விளிம்பைத் தடவிப் பாருங்கள், தட்டையாகச் சீவியிருக்கும் பக்கம் நெகட்டிவ்.

இன்னும் சந்தேகமா? மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து இரண்டு கால்களையும் தொடுங்கள். லேசாக ஒளிர்ந்தால் சிவப்பு முனை தொட்ட கால் பாசிட்டிவ். சில மீட்டர்களுக்கு வெள்ளை எல்இடியை எரிக்கும் அளவு வோல்ட்டேஜ் இருக்காது. அப்போது 3 வோல்ட் காசு பேட்டரியின் இரண்டு பக்கமும் கால்களை வைத்துப் பார்க்கலாம்.

எத்தனை ஓம் ரெசிஸ்டர் போட வேண்டும்?

இதற்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்இடிகள் செத்துப்போவது முக்கால்வாசி இங்கேதான்.

எல்இடி தனக்கு எவ்வளவு மின்னோட்டம் வேண்டும் என்று தானே கட்டுப்படுத்திக்கொள்ளாது. வெள்ளை எல்இடிக்கு சுமார் 3 வோல்ட் கிடைத்ததும் எரியத் தொடங்கும், அதற்கு மேல் கொஞ்சம் கூட்டினாலே மின்னோட்டம் தாறுமாறாக ஏறும். எச்ஓ தண்டவாளத்தில் 14 முதல் 16 வோல்ட் ஓடுகிறது. டீகோடரில் ஒன்று, ஒன்றரை வோல்ட் போனாலும் நீலக் கம்பியில் சுமார் 14 நிற்கும். எல்இடி எடுத்துக்கொண்ட 3 போக மீதி 11 வோல்ட்டை ரெசிஸ்டர்தான் தாங்க வேண்டும்.

கணக்கு எளிது. மீதி வோல்ட்டேஜை வேண்டிய மின்னோட்டத்தால் வகுத்தால் ஓம் கிடைக்கும். 10 மில்லிஆம்பியர் வேண்டுமென்றால் 11-ஐ 0.010 ஆல் வகுத்தால் 1100 ஓம். கடையில் கிடைப்பது 1 கிலோ ஓம், அதைப் போட்டால் 11 மில்லிஆம்பியர் ஓடும். பெரும்பாலான வழிகாட்டிகளில் 1 கிலோ ஓம் என்று இருப்பதன் காரணம் இதுதான். சேதம் ஆகாது, சரிதான். ஆனால் ஹெட்லைட்டுக்கு அது அதிகம் என்பது என் உறுதியான கருத்து. இன்றைய எல்இடிகள் மிகப் பிரகாசமானவை. 10 மில்லிஆம்பியரில் எரியும் வெள்ளை எல்இடி அறை விளக்கு எரியும்போதே கண்ணைக் கூசவைக்கும், எஞ்சினின் முகமே தெரியாது. 2.2 கிலோ ஓமில் தொடங்குங்கள், 5 மில்லிஆம்பியர் வரும். அதுவும் அதிகமாகத் தோன்றினால் 4.7 கிலோ ஓம் போடுங்கள். 10 கிலோ ஓம் வரை போய் நிறைவாக இருப்பவர்களும் உண்டு. நீங்கள் எந்த வெளிச்சத்தில் ரயில் ஓட்டுவீர்களோ அந்த வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்வதுதான் நல்லது.

1:160 அளவில் தண்டவாளத்தில் சுமார் 12 வோல்ட்தான் என்பதால் அதே ரெசிஸ்டரில் வெளிச்சம் சற்றுக் குறையும், அவ்வளவுதான்.

வாட் எவ்வளவு என்றும் பார்த்துவிட வேண்டும். 1 கிலோ ஓமில் 11 வோல்ட்டும் 11 மில்லிஆம்பியரும் பெருக்கினால் 0.12 வாட். கால் வாட் ரெசிஸ்டருக்கு இது பிரச்சினையே இல்லை. எட்டில் ஒரு வாட் ரெசிஸ்டரோ பலகையில் நேராக ஒட்டும் கடுகளவு எஸ்எம்டி ரெசிஸ்டரோ என்றால் அது தன் எல்லையிலேயே நிற்கிறது, காற்றோட்டம் இல்லாத கூட்டுக்குள் சூடேறும். 2.2 கிலோ ஓமில் அதே கணக்கு 0.055 வாட் ஆகிவிடுகிறது. மங்கலாக வைக்க இதுவும் ஒரு காரணம்.

வளையங்களைப் பார்த்து எடுங்கள். 1 கிலோ ஓமுக்குப் பழுப்பு, கறுப்பு, சிவப்பு. 2.2 கிலோ ஓமுக்கு மூன்றும் சிவப்பு. 100 ஓமுக்குப் பழுப்பு, கறுப்பு, பழுப்பு. மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் இந்தக் கடைசிச் சிவப்பும் பழுப்பும் ஒன்றுபோலத் தெரியும், அதனால் மாட்டும் முன் மீட்டரில் ஒருமுறை அளந்துவிடுங்கள்.

ரெசிஸ்டர் எல்இடியின் எந்தக் காலில் வர வேண்டும்?

எந்தக் காலிலும் வரலாம். ஒரே வரிசையில் ஓடும் மின்னோட்டம் எல்லா இடத்திலும் ஒன்றுதான். வெள்ளைக் கம்பிப் பக்கம் வைப்பது வசதி, ஏனென்றால் நீலத்தைப் பிரித்து எல்லா விளக்குக்கும் நேராகக் கொண்டுபோகலாம்.

நீலக் கம்பியில் ஒரே ரெசிஸ்டர் போட்டு முன், பின் இரண்டுக்கும் பயன்படுத்தலாமா?

ஒரு நேரத்தில் ஒன்றுதான் எரியும் என்றால் வேலை செய்யும். இரண்டும் சேர்ந்து எரிய நேர்ந்தால் மின்னோட்டம் பிரிந்து இரண்டும் மங்கும். ஒரு ரெசிஸ்டர் மிச்சம் பிடிப்பதற்காக இதைச் செய்யாதீர்கள். ஒவ்வொரு விளக்குக்கும் தனி ரெசிஸ்டர் போடுங்கள்.

ஒரே சமயம் எரிய வேண்டிய இரண்டு எல்இடிகள் என்றால் கதை வேறு. இரட்டை ஹெட்லைட்டுக்கு இரண்டையும் தொடராக, ஒன்றின் நெகட்டிவ் அடுத்ததன் பாசிட்டிவில் சேரும்படி மாட்டி, ஒரே ரெசிஸ்டர் போடலாம். 14 வோல்ட்டில் இரண்டு எல்இடிக்கும் சேர்த்து 6 போக மீதி 8, அதற்கு 1.5 கிலோ ஓம் போட்டால் 5 மில்லிஆம்பியர். இரண்டும் ஒரே அளவில் எரியும். பக்கவாட்டில் இணையாக மாட்டி ஒரு ரெசிஸ்டர் போட்டால் மட்டும் சரிவராது. கொஞ்சம் குறைந்த வோல்ட்டேஜில் எரியும் எல்இடி பெரும்பங்கை இழுத்துக்கொள்ளும், மற்றது மங்கும்.

என் டீகோடரிலேயே ரெசிஸ்டர் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

எஞ்சினின் பழைய சர்க்யூட் பலகைக்குப் பதிலாக அப்படியே உட்காரும் பலகை வகை டீகோடர்கள் சிலவற்றில் எல்இடிக்கான ரெசிஸ்டர் ஏற்கெனவே இருக்கும். கையேட்டைப் பாருங்கள். கையேடு இல்லையென்றால் மல்டிமீட்டரை நேராக நீலத்திலும் வெள்ளையிலும் வைத்து அளந்து ஏமாறாதீர்கள். மின்னோட்டம் ஓடாத நிலையில் ரெசிஸ்டர் உள்ளே இருந்தாலும் மீட்டர் முழு வோல்ட்டேஜையே காட்டும். இரண்டுக்கும் நடுவே 1 கிலோ ஓம் ரெசிஸ்டரை மாட்டி, விளக்கைப் போட்டு, அந்த ரெசிஸ்டரின் இரண்டு முனையிலும் அளந்து பாருங்கள். 13, 14 வோல்ட் காட்டினால் உள்ளே எதுவும் இல்லை, நீங்கள்தான் போட வேண்டும். பாதி அளவுக்கு இறங்கினால் உள்ளே ஒன்று இருக்கிறது.

ஆத்தர்ன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் பழைய ‘நீலப் பெட்டி’ வரிசை டீசல் எஞ்சின் வைத்திருக்கிறேன். அதில் என்ன கவனிக்க வேண்டும்?

இந்த எஞ்சின்களில் உலோக அடிச்சட்டமே ஒரு கம்பியாக வேலை செய்கிறது. ஒரு பக்கச் சக்கரங்களின் மின்சாரம் சட்டத்தின் வழியாக மோட்டாரின் அடிப்பக்கக் கிளிப்புக்குப் போகிறது. மறுபக்கம் மேலே ஓடும் தகடு வழியாக வருகிறது. ஹெட்லைட் பல்பும் ஒரு முனையைச் சட்டத்திலிருந்துதான் எடுக்கிறது. டீகோடர் போடும்போது இந்த இரண்டு தொடர்பையும் துண்டிக்காமல் விட்டால் டீகோடர் முதல் நொடியிலேயே போய்விடும்.

மோட்டாரைக் கழற்றுங்கள். அடிக்கிளிப் சட்டத்தைத் தொடாதபடி இடையில் சூடு தாங்கும் கேப்டன் (Kapton) டேப் ஒட்டுங்கள். கறுப்பு நிற இன்சுலேஷன் டேப் வேண்டாம், சூட்டில் அதன் பசை ஒழுகி, டேப் நகர்ந்துவிடும். மேல்கிளிப்பில் ஆரஞ்சும் அடிக்கிளிப்பில் சாம்பலும் சால்டர் செய்யுங்கள். மேலே ஓடிய தகடு மோட்டாரிலிருந்து விலகி, சக்கரப் பெட்டிகளிலிருந்து வரும் மின்சாரத்தை டீகோடரின் தண்டவாளக் கம்பிக்கு மட்டும் தர வேண்டும். மற்றத் தண்டவாளக் கம்பி சட்டத்தில் ஒரு திருகில் போகட்டும். இப்போது மீட்டரைத் தொடர்ச்சி நிலையில் வைத்து மோட்டாரின் ஒவ்வொரு முனையையும் சட்டத்தோடும் இரு பக்கச் சக்கரங்களோடும் தொட்டுப் பாருங்கள். எங்கும் பீப் சத்தம் வரக்கூடாது.

அப்புறம் விளக்கு. பழைய பல்பையும் அதன் கிளிப்பையும் முழுசாக எடுத்துவிடுங்கள். எல்இடியின் இரண்டு கால்களும் நீலம், வெள்ளைக் கம்பிகளைத் தவிர வேறு எதையும் தொடக்கூடாது. கால்களின் மேல் ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடு பட்டால் சுருங்கி இறுகும் பிளாஸ்டிக் குழாய்) போடுங்கள். வெறும் கால் சட்டத்தில் உரசினால் அது தண்டவாளத்தின் மின்சாரத்தை நேராக டீகோடரின் விளக்கு டிரான்சிஸ்டருக்குக் கொண்டுபோகும்.

எட்டு பின் சாக்கெட்டில் செருகினேன். எஞ்சின் ஓடுகிறது, விளக்கு மட்டும் எரியவில்லை.

பிளக்கைத் திருப்பிச் செருகியிருப்பீர்கள். ஐரோப்பிய மாடல் ரயில் தரத்தில் என்இஎம் 652 என்ற இந்தச் சாக்கெட்டில் 1 முதல் 8 வரை பின்கள் சுற்றி வருகின்றன. பிளக்கை 180 பாகை திருப்பினால் ஆரஞ்சு சாம்பலின் இடத்துக்கும் சிவப்பு கறுப்பின் இடத்துக்கும் போகும், அதனால் எஞ்சின் எதிர்த் திசையில் ஓடும், அவ்வளவுதான். ஆனால் நீலம் பச்சையின் இடத்துக்குப் போய்விடுகிறது. விளக்குகளுக்குப் பாசிட்டிவே இல்லை. பொதுவாக எதுவும் கெட்டிருக்காது. கழற்றி, ஆரஞ்சுக் கம்பி சாக்கெட்டில் 1 என்று குறித்த பக்கம் வரும்படி செருகினால் சரியாகிவிடும்.

சின்ன எஞ்சின்களில் வரும் ஆறு பின் சாக்கெட், அதாவது என்இஎம் 651, வேறு வகை. அதில் நீலத்துக்கு இடமே கிடையாது. விளக்கின் பாசிட்டிவ் பக்கம் ஒரு தண்டவாளத் தொடர்பிலிருந்து வரும், அதனால் எல்இடி பாதி நேரமே எரிந்து சற்று மங்கலாகத் தெரியும். டீகோடரில் நீலத்துக்கான சால்டர் புள்ளி இருந்தால் தனிக் கம்பி இழுத்துக்கொள்ளலாம்.

வேகத்தைக் கூட்டும்போது ஹெட்லைட் எரிந்து எரிந்து அணைகிறது. கம்பி தளர்ந்திருக்கிறதா?

கம்பியைத் தொடாதீர்கள், அது அமைப்பில் இருக்கும் முரண். டிசிசியின் தொடக்க காலத்தில் வேகம் 14 படிகள்தான். அந்த முறையில் வேகக் கட்டளையிலேயே ஒரு பிட் ஹெட்லைட்டுக்கு என்று ஒதுக்கியிருந்தார்கள். பிறகு 28 படிகள் வந்தபோது அதே பிட்டை இடைப்பட்ட வேகங்களுக்கு எடுத்துக்கொண்டார்கள். உங்கள் கண்ட்ரோலர் 28 படியில் பேச, டீகோடர் 14 படியில் கேட்டால் ஒவ்வொரு இரண்டாவது படியிலும் ‘விளக்கை அணை’ என்று அது புரிந்துகொள்ளும்.

டீகோடரின் அமைப்புகள் சிவி எனப்படும் எண்ணிட்ட இடங்களில் சேமிக்கப்படுகின்றன; அதில் சிவி 29-இல் 6 என்று எழுதுங்கள். அது 28, 128 படிகளையும் சாதாரண டிசி ஓட்டத்தையும் அனுமதிக்கும் மதிப்பு. நான்கு இலக்க முகவரி வைத்திருந்தால் 32 சேர்த்து 38.

சீரான இடைவெளி இல்லாமல், வளைவிலும் சந்திகளிலும் சிமிட்டினால் அது தண்டவாள அழுக்கு. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் தண்டவாளத்தையும் சக்கரங்களையும் துடையுங்கள். எல்இடிக்கு பல்புபோலச் சூட்டில் தங்கி ஒளிரும் இழை இல்லை, அதனால் கண்ணிமைக்கும் நேரத் தடையும் அதில் தெரிந்துவிடும். துடைத்தும் தீரவில்லையென்றால் டீகோடரின் நீலத்துக்கும் அதன் உள் நெகட்டிவுக்கும் நடுவே, மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் சேமித்து வைக்கும் ஒரு கெப்பாசிட்டர் உதவும். 25 வோல்ட் அல்லது அதற்கு மேல் தாங்குவதாக வாங்குங்கள். சும்மா மாட்டினால் முதல் நொடியில் பெரிய மின்னோட்டத்தை இழுக்கும் என்பதால் 100 ஓம் ரெசிஸ்டர் வழியாக நிரம்பும்படியும், டயோடு வழியாக வெளியேறும்படியும் செய்ய வேண்டும். டீகோடர் நிறுவனமே தயாராக விற்கும் கெப்பாசிட்டர் பலகை கிடைத்தால் அதையே வாங்கிவிடுங்கள்.

முன்னால் போகும்போது பின் விளக்கு எரிகிறது.

எஞ்சின் சரியான திசையில் போகிறதா என்று முதலில் பாருங்கள். திசை சரி, விளக்கு மட்டும் தவறு என்றால் வெள்ளையையும் மஞ்சளையும் மாற்றுங்கள். விளக்கு சரி, திசை தவறு என்றால் ஆரஞ்சையும் சாம்பலையும் மாற்றுங்கள். இரண்டுமே தலைகீழ் என்றால் சால்டரிங் அயர்னே வேண்டாம், சிவி 29-இல் இருக்கும் எண்ணோடு 1 கூட்டுங்கள். 6 இருந்தால் 7.

நீலம் பாய்ந்த வெள்ளையாக எரிகிறது. நீராவி எஞ்சினுக்குப் பொருந்தவே இல்லை.

பழைய எஞ்சின்களுக்கு வார்ம் ஒயிட் எல்இடிதான் வாங்க வேண்டும். கையில் இருப்பது கூல் ஒயிட் என்றால் தமியாவின் எக்ஸ்-26 கிளியர் ஆரஞ்சு பெயின்டை மெல்லிய ஒரு பூச்சாக முனையில் தடவிப் பாருங்கள். மிக அருமையான மஞ்சள் கிடைக்கும், வெளிச்சமும் கொஞ்சம் அடங்கும்.

மேல்கூட்டின் பிளாஸ்டிக் வழியாகவே ஒளி கசிந்து எஞ்சினின் மூக்கு முழுக்க ஒளிர்ந்தால் உட்புறம் கறுப்புப் பெயின்ட் அடியுங்கள். எல்இடியின் பக்கங்களையும் முதுகையும் கறுப்புக் ஹீட் ஷ்ரிங்க்கால் மூடி, முனையை மட்டும் வெளியே விடுங்கள். இந்த வேலைக்குப் பத்து நிமிடம் ஆகும், எஞ்சினின் தோற்றத்தில் இதைவிடப் பெரிய மாற்றம் தரும் பத்து நிமிடம் வேறு இல்லை.

சிவப்பு வால் விளக்கும் வேண்டும். வெள்ளையோடு சேர்த்துவிடலாமா?

ஜெர்மன் எஞ்சின் தனியாகப் போகும்போது முன்னால் மூன்று வெள்ளை, பின்னால் இரண்டு சிவப்பு. பெட்டிகளை இழுக்கும்போது பெட்டிகள் இருக்கும் பக்கம் சிவப்பு எரியக்கூடாது. முன் வெள்ளையோடு பின் சிவப்பைச் சேர்த்துக் கட்டிவிட்டால் அதைத் தனியாக அணைக்க வழியில்லை. அதனால் சிவப்பைப் பச்சை, ஊதாக் கம்பிகளுக்குக் கொடுத்து, டீகோடரின் சிவி அமைப்பில் திசையோடு இணையுங்கள். சிவப்பு எல்இடிக்கு 2 வோல்ட்தான் வேண்டும், இரண்டைத் தொடராக மாட்டினால் 4. மீதி 10 வோல்ட்டுக்கு 2.2 கிலோ ஓம் நன்றாகப் பொருந்தும்.

இந்திய எஞ்சின் மாடல் செய்கிறவர்களுக்கும் இதே யோசனைதான். இரட்டைக் கதிர் ஹெட்லைட்டைத் தொடராக வெள்ளைக் கம்பியில் கொடுங்கள். கேபின் உச்சியில் இருக்கும் மஞ்சள் ஃபிளாஷர் ஆபத்து நேரத்தில் மட்டும் போடுவது, அதனால் அதற்குத் தனிக் கம்பி வேண்டும். பெரும்பாலான டீகோடர்களில் சிமிட்டும் விளைவு உள்ளேயே இருக்கிறது, எந்த சிவி என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

எல்லாம் மாட்டிவிட்டேன். நேராக மெயின் தண்டவாளத்தில் வைக்கலாமா?

வேண்டாம். முதலில் புரோகிராமிங் தண்டவாளத்தில் (டீகோடரின் அமைப்புகளைப் படிக்கவும் எழுதவும் ஒதுக்கிய தனித் துண்டு) வைத்து, முகவரி இருக்கும் சிவி 1-ஐப் படித்துப் பாருங்கள். அங்கே மின்னோட்டத்துக்கு வரம்பு உண்டு, எங்காவது ஷார்ட் இருந்தாலும் டீகோடர் பிழைக்கும். புது டீகோடர் என்றால் 3 என்று பதில் வரும். பதில் வராவிட்டால் மோட்டார்க் கம்பிகளைப் பாருங்கள், ஏனென்றால் டீகோடர் பதில் சொல்வதே மோட்டாரை ஒரு கணம் இயக்கி மின்னோட்டத்தை உயர்த்தித்தான். விளக்கு மட்டும் மாட்டி மோட்டார் மாட்டாமல் சோதித்தால் 5 மில்லிஆம்பியர் எல்இடியால் அந்தப் பதிலைத் தர முடியாது. 3 வந்துவிட்டால் மெயின் தண்டவாளத்துக்குக் கொண்டுபோய் முகவரி 3-ஐத் தேர்ந்தெடுத்து ஹெட்லைட்டுக்கான எஃப்0 பொத்தானை அழுத்துங்கள்.